இசைவாணி மீட்கப்பட்டாள்

இசைவாணியை மீட்ட அன்று காலையில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அன்றைக்கு அவளே முதலில் சொன்னபோதும் நம்பவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் ஒத்தப்பனைக்குளம், எம். புதுப்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. பிள்ளைகள் குறைவு என்று அதை மெயின் ரோட்டிலுள்ள பெரிய பள்ளிக்கூடத்தோடு இணைத்தார்கள். இணைப்பு என்றால், எங்கள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியை அந்தப் பள்ளிக்கூடத்தில் கொடுத்துவிட்டுப் போவது. சுவரில் 'கல்வி எங்கள் உரிமை' என்று எழுதியிருந்தது மட்டும் இன்னும் அழியவில்லை. நல்ல பெயிண்ட்.

பெரிய பள்ளிக்கூடத்துக்கு நடந்து போக முடியாது. கருவேலங்காடு, நடுவில் ஓடை, அதற்கப்புறம் லாரி ஓடுகிற ரோடு. டவுன் பஸ் ஒன்று உண்டு. அது ஊருக்குள் வரும்போது பள்ளிக்கூடத்தில் இரண்டாவது பாடம் முடிந்திருக்கும். ஆனால் கம்பெனி பஸ் தவறாது. விடிந்ததும் வந்து, பட்டாசு வேலைக்குப் போகிற ஆண் பெண் எல்லோரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, அந்தப் பள்ளிக்கூட வாசல் வழியாகத்தான் போகும். டிரைவர் இருளாண்டிக்கும் பெண் பிள்ளைகள் உண்டு. படிக்கிற பிள்ளைகளை முன்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவார். கேட் திறக்கிறவரை அவர்கள் வெளியே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவார்கள். ஊரே இப்படித்தான் படித்தது. யாருக்கும் இதில் தவறு தெரியவில்லை. விவரம் கெட்ட ஊர்.

மாவட்டத்தில் அப்போது கல்வி உரிமை மீட்புப் படை என்று ஒன்றைப் புதிதாகத் தொடங்கியிருந்தார்கள். கம்பெனிகளில் வேலை செய்கிற குழந்தைகளைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது அதன் வேலை. தலைவர் ஜெயபாண்டி. அந்த மாதம் படைக்கு ஒரு குழந்தைகூடக் கிடைக்கவில்லை. சோதனைக்கு வருகிற தகவல் எல்லாக் கம்பெனிக்கும் முதல் நாளே போய்விடுகிறது. யார் சொல்கிறார்கள் என்று படை தீவிரமாக விசாரித்துக்கொண்டிருந்தது. சொல்வது படைதான் என்பதால் விசாரணை முடியவில்லை. மாதக் கடைசி, அறிக்கை அனுப்ப வேண்டும். கம்பெனிக்குள் குழந்தை இல்லையென்றால் போகிற வழியில் இருக்கும் என்று ஜெயபாண்டி கணக்குப் போட்டுப் பஸ்ஸை ஓடைப் பாலத்தில் மறித்தார்.

ஜீப்பைக் கண்டதும் சின்னப் பிள்ளைகள் நான்கு பேர் பின்வாசலில் குதித்துக் கருவேலங்காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். இசைவாணி ஓடவில்லை. அவள் எட்டாம் வகுப்பு. தப்புச் செய்யாதவர்கள் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை என்று வகுப்பில் படித்திருந்தாள்.

"எங்க போற?" என்றார் ஜெயபாண்டி.

"ஸ்கூலுக்கு சார்."

ஜெயபாண்டி தன் ஆட்களைப் பார்த்துச் சிரித்தார். "எல்லாப் பிள்ளையும் இதேதான் சொல்லுது. சொல்லிக் குடுத்தே அனுப்புறாங்க."

"யூனிஃபார்ம் போட்டிருக்கேன் சார்."

"அதான் சந்தேகம். கம்பெனி பஸ்ல வர்றவளுக்கு யூனிஃபார்ம் எதுக்கு?"

பையைக் கவிழ்த்தார்கள். புத்தகம், கணக்கு நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், ஒரு சின்னத் தூக்குவாளி. தூக்குவாளியில் காலைச் சாப்பாடு. ஜெயபாண்டி அதைத் தூக்கிப் பிடித்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஸ்கூல்ல மதியம் சத்துணவு போடுறாங்க. அப்ப சோறு கொண்டு போறவ எங்க போறா? வேலைக்குத்தானே?"

"காலையில திங்க நேரமில்லை சார், பஸ் வந்துரும்."

பிறகு அவர் விரலால் அவளுடைய சுடிதாரைத் தொட்டு, விரலை வெயிலில் திருப்பிப் பார்த்தார். வெள்ளியாக மின்னியது. பட்டாசில் போடுகிற வெள்ளி மருந்து. அந்தப் பஸ்ஸின் சீட்டில் அது வருஷக்கணக்காகப் படிந்து கிடக்கிறது. யார் உட்கார்ந்தாலும் ஒட்டும். தடயம் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் ஜெயபாண்டி அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்துதான் மகஜர் எழுதினார். எழுந்து ஜீப்புக்குப் போனபோது அவருடைய பேண்ட்டின் பின்பக்கமும் பளபளவென்று மின்னியது. அதை யாரும் தடயமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பையையும் புத்தகத்தையும் தடயப் பொருள் என்று சாக்கில் போட்டுச் சீல் வைத்தார்கள். இசைவாணி அப்போதுதான் அழுதாள்.

"இன்னைக்குக் கணக்குப் பரீட்சை சார்."

"பாத்தீங்களா, எவ்வளவு படிப்பாசை!" என்றார் ஜெயபாண்டி. 'மீட்கப்பட்ட குழந்தை கல்வியில் பெரும் ஏக்கம் காட்டினாள்' என்று அறிக்கையில் ஒரு வரி சேர்ந்தது.

அவளுடைய அப்பா கோட்டைச்சாமி, அய்யாதுரை முதலாளியின் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தகவல் தெரிந்து போட்டிருந்த அழுக்குச் சட்டையோடு விருதுநகரிலுள்ள படை ஆபீசுக்கு ஓடினார். சட்டை முழுக்க வெள்ளி. அதைக் கண்டதும் படையில் எல்லோருக்கும் வழக்கு ருசுவாகிவிட்ட திருப்தி.

"அய்யா, எம் பிள்ளை எட்டாப்பு படிக்கிறா. ஸ்கூலுக்குத்தான் போனா. நீங்க டீச்சரம்மாகிட்டயே கேளுங்க."

"கேட்போம். நாங்க யாருக்கும் அநியாயம் பண்ண மாட்டோம்" என்று ஜெயபாண்டி போனைப் போட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். எதிர்முனையில் தலைமையாசிரியை பொன்னுத்தங்கம். அவருடைய பள்ளிக்கூடம் நூறு சதவீத வருகைக்காக விருது வாங்கியது. விருது வாங்கிய நாளிலிருந்து அங்கே ஒரு பிள்ளைகூட லீவு எடுத்ததில்லை. காய்ச்சல் வந்தாலும் அம்மை போட்டாலும் காலையில் எல்லோருக்கும் வருகை பதிவாகிவிடும்.

"எட்டாம் வகுப்பு இசைவாணியா? வந்திருக்காளே" என்றார் பொன்னுத்தங்கம்.

"இப்ப ஸ்கூல்ல இருக்காளா?"

"இருக்கா சார். எங்க ஸ்கூல்ல ஆப்சென்ட்டே கிடையாது."

ஜெயபாண்டி போனை வைத்தார். கோட்டைச்சாமியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இசைவாணி ஸ்கூல்ல இருக்கா. அப்ப இது யாரு?"

கோட்டைச்சாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள்தான். இடது புருவத்துக்கு மேல் தழும்புகூட இருந்தது.

"எம் மகதான் சார்."

"உம் மகதான். நான் இல்லைன்னு சொல்லலையே. ஆனா ஸ்கூல்ல படிக்கிற இசைவாணி வேற. இது கம்பெனிக்குப் போற இசைவாணி."

"எனக்கு ஒரே பிள்ளைதான் சார்."

"அதையெல்லாம் நான் விசாரிக்க முடியாதுய்யா. அது உன் குடும்ப விஷயம்."

சிரிப்பு வருகிறதா? கோட்டைச்சாமிக்கு வரவில்லை. எனக்கும் இப்போது வருவதில்லை.

மீட்ட குழந்தையை நேராகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப விதி இடம் கொடுக்காது. முதலில் சிறப்புப் பயிற்சி மையத்தில் தங்கவைத்து, எழுத்தறிவித்து, மனசைத் தேற்றி, அப்புறம் விழா நடத்தித்தான் சேர்க்க வேண்டும். மையம் சிவகாசியில் ஒரு பிரஸ்ஸுக்கு மேல் மாடியில் இருந்தது. கட்டடம் அய்யாதுரை முதலாளியுடையது. வாடகையை அரசாங்கம் கொடுத்தது. பஸ்ஸும் அவருடையது என்பதால், இசைவாணியை அவரிடமிருந்து மீட்டு அவரிடமே ஒப்படைத்தார்கள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர்வாய்க்கு வேறு வேலை இல்லை.

மையத்தின் பொறுப்பாளர் லட்சுமிகாந்தம் நல்ல மனிதர். குரல் உயர்த்த மாட்டார். முதல் நாள் அவளுக்கு ஒரு தேர்வு வைத்தார். அ, ஆ எழுத வேண்டும், படத்தைப் பார்த்து ஆடா மாடா என்று சொல்ல வேண்டும், பத்துவரை எண்ண வேண்டும். இசைவாணி ஒரு நொடியில் முடித்துக் கொடுத்துவிட்டு, "சார், இங்க எட்டாப்பு கணக்குப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டாள்.

லட்சுமிகாந்தத்துக்கு வியர்த்துவிட்டது.

"நீ எல்லாத்தையும் சரியா எழுதிட்டியேம்மா."

"ஆமா சார்."

"இப்படி எழுதக் கூடாதும்மா. இது முதல் பரீட்சை. இதுல சைபர் வாங்கணும். மூணு மாசம் கழிச்சு வைக்கிற பரீட்சையில நூறு வாங்கணும். அதைத்தான் முன்னேற்றம்னு மேல அனுப்புவோம். இப்பவே நூறு வாங்கிட்டா நான் எங்க போய் முன்னேற்றம் காட்டுறது?"

"தெரிஞ்சதைத் தெரியலைன்னு எப்படி சார் எழுத?"

"முயற்சி பண்ணும்மா. எல்லாப் பிள்ளையும் முதல்ல இப்படித்தான் கஷ்டப்படும். போகப் போக வந்துரும்."

புதுத் தாள் கொடுத்தார்கள். அவள் 'ஆ' எழுதிவிட்டு, அதன் சுழியை அழித்து, மறுபடி எழுதி, மறுபடி அழித்தாள். ஆட்டுப் படத்துக்கு மாடு என்று எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்தது. படிக்கிற பிள்ளைக்கு இதைவிட என்ன தண்டனை கொடுக்க முடியும்? லட்சுமிகாந்தம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் சரியா இருக்கு" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். கண்ணீர்க் கறையை வட்டமிட்டு, 'ஆரம்பநிலையில் குழந்தை மிகவும் அச்சத்தோடு இருந்தாள்' என்று பக்கத்தில் குறித்துவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா அய்யம்மாள் சேவு வாங்கிக்கொண்டு மகளைப் பார்க்கப் போவாள். மாடிப் படியில் உட்கார்ந்து இருவரும் பேசுவார்கள்.

"என்ன தாயி படிச்சுக் குடுக்காக?"

"அணில் ஆடு இலை ஈ."

"அது ஒண்ணாப்புல படிச்சதுல்ல?"

"திரும்பவும் படிக்கச் சொல்றாங்கம்மா. எங் கிளாஸ்ல இப்ப இயற்கணிதம் நடக்கும். அம்புட்டும் போச்சு."

அய்யம்மாளுக்கு இயற்கணிதம் என்றால் என்னவென்று தெரியாது. போனது மட்டும் தெரிந்தது. நேராக லட்சுமிகாந்தத்திடம் போய், "எப்பங்கய்யா பிள்ளையை விடுவீக?" என்று கேட்டாள்.

"விழா நடந்ததும் விட்டுருவோம்மா. மேடையில வச்சுத்தான் பள்ளியில சேர்க்கணும். சிறப்பு விருந்தினர் தேதி குடுக்கணும்."

சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்தார். பிறகு மாற்றினார். தீபாவளி சீசன் என்பதால் அய்யாதுரை முதலாளிக்கு ஓய்வில்லை. சிறப்பு விருந்தினர் அவர்தான், விழாச் செலவும் அவருடையது. தீபாவளி போனது. மழை வந்தது. அரைப்பரீட்சையும் முடிந்தது. இதற்கிடையில் அய்யாதுரை தன் பஸ்ஸில் இனி ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டார். இருளாண்டி கையெடுத்துக் கும்பிட்டு, "எம் பொழப்பு போயிரும் தாயி" என்று சொல்ல, அன்று காட்டுக்குள் ஓடித் தப்பித்த நான்கு பிள்ளைகளும் வீட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குத் தினமும் வருகை விழுந்துகொண்டிருந்தது. இசைவாணிக்கும் விழுந்தது. மையத்தில் இருந்த நாளெல்லாம் அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

பொங்கல் முடிந்து ஒருவழியாக விழா நடந்தது. கல்யாண மண்டபத்தில் பந்தல், பேனர், மைக். ஜெயபாண்டி பேசினார். அவர் பேச்சை அப்படியே சொல்கிறேன். நான் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை, சேர்க்க இடமும் இல்லை.

"நம் அரசியல் சட்டம் கல்வியை அடிப்படை உரிமை என்கிறது. உரிமை என்றால் என்ன? கேட்டு வாங்குவதா? இல்லை. கேட்காதவரையும் ஓடுகிற பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொடுப்பதே உரிமை. இதோ இந்தக் குழந்தையைப் பாருங்கள். நாங்கள் வருவதற்கு முன்னால் இவளிடம் படிப்பு மட்டும்தான் இருந்தது. உரிமை இருந்ததா? இன்று படிப்பு எப்படியோ, உரிமை முழுமையாக இருக்கிறது. இந்த ஆண்டு எங்கள் இலக்கு ஒரு குழந்தை. நூறு சதவீதம் எட்டிவிட்டோம்."

கைதட்டல். அடுத்து அய்யாதுரை.

"எங்க கம்பெனியில பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கிற யாரையும் நாங்க சேர்க்கிறதில்லை. சட்டத்தை மதிக்கிற குடும்பம் நாங்க. இந்தப் பிள்ளைகளுக்குப் பதினெட்டு ஆகட்டும்னு பொறுமையாக் காத்திருக்கோம். எங்க போயிறப் போறாங்க?"

அதற்கும் கைதட்டினார்கள். கோட்டைச்சாமியும் தட்டினார். முதலாளி பேசினால் தட்டுகிற பழக்கம் கைக்கு இருக்கிறது.

இசைவாணிக்குப் புதுப் பை கொடுத்தார்கள். கம்பெனி பெயரும் ஒரு ராக்கெட் படமும் போட்ட பை. உள்ளே ஒன்றும் இல்லை. அவள் மைக்கைவிட்டுத் தள்ளி நின்று, "என் கணக்கு நோட்டு எப்ப சார் தருவீங்க?" என்று ஜெயபாண்டியிடம் கேட்டாள். வழக்கு முடிந்ததும் என்றார். யார் மேல் வழக்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்பதையும் சொன்னார்.

விழா முடிந்து எல்லோரும் பிரியாணிக்குக் கிளம்பும்போது கோட்டைச்சாமி ஜெயபாண்டியின் முன்னால் போய் நின்றார்.

"சார், நாளைக்கு எம் பிள்ளை எப்படி ஸ்கூலுக்குப் போவா? கம்பெனி பஸ்ல ஏத்த மாட்டேங்காக."

"பஸ்ஸா? அது போக்குவரத்து. எங்க கையில இருக்கிறது உரிமை மட்டும்தான்யா."

"ஒரு சைக்கிள் கிடைச்சாக்கூட..."

"கவர்மென்ட்டே குடுக்குதே! பதினொண்ணாம் வகுப்புல எல்லாருக்கும் சைக்கிள். அதுவரைக்கும் எப்படியாவது போய்ப் படிக்கச் சொல்லு, வாங்கிக்கலாம்."

மறுநாள் கோட்டைச்சாமி ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, மகளை யாருடைய பைக்கிலோ உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பொன்னுத்தங்கம் அவர்களை உட்காரச் சொன்னார். மரியாதையான அம்மா. சேர்க்கைத் தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"புதுசா சேர்க்கணும்னு போட்டிருக்கே. இசைவாணிதான் இங்க ஒழுங்கா வந்துக்கிட்டிருக்காளே."

"அது இவதான் டீச்சர்."

"தெரியும். இவளைத் தெரியாதா எனக்கு? நல்லாப் படிக்கிற பிள்ளை. ஆனா இவளைப் புதுசாச் சேர்த்தா, இத்தனை மாசமா வந்தது யாருன்னு கேப்பாங்க. எத்தனை நாள் சத்துணவு போட்டீங்க, யாருக்குப் போட்டீங்கன்னு கேப்பாங்க. விருதைத் திருப்பிக் கேப்பாங்க."

"அப்பப் பழைய பேர்லயே உக்காரட்டும் டீச்சர். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

"எப்படிங்க? மீட்ட குழந்தைன்னு போட்டோவோட பேப்பர்ல வந்திருச்சு. மீட்ட குழந்தை மீட்ட குழந்தையாத்தான் வரணும்." பிறகு தாளைத் திருப்பி, கொஞ்சம் நிம்மதியானார். "அது சரி, இவளுக்கு மார்கழியிலேயே பதினாலு முடிஞ்சிருச்சே. உரிமை ஆறுலேர்ந்து பதினாலு வரைக்கும்தான்."

பதினாலு முடிந்தாலும் எட்டாம் வகுப்பு முடிக்கிறவரை உரிமை உண்டு என்று அந்தச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பக்கத்தை யாரும் இன்னும் திருப்பவில்லை. கோட்டைச்சாமிக்கு அப்படி ஒரு பக்கம் இருப்பதே தெரியாது. அவர் எழுந்து கும்பிட்டார். இசைவாணி வெளியே வந்து எட்டாம் வகுப்பு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் நின்றாள். உள்ளே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அப்பா கூப்பிடுகிறவரை அவள் வரவில்லை.

பொட்டைப் பிள்ளையை நாள் பூராவும் சும்மா வீட்டில் வைத்திருக்க எந்தக் குடும்பத்துக்குக் கட்டும்? கம்பெனி ஏஜென்ட் காலிப் பட்டாசுப் பெட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வீட்டில் போட்டார். லேபிள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். மருந்து கிடையாது, ஆபத்து கிடையாது, கம்பெனிக்குப் போக வேண்டியதும் கிடையாது. வீட்டுக்குள் செய்வது வேலை ஆகாது, அம்மாவுக்கு ஒத்தாசை. இசைவாணி கோணாமல் ஒட்டுகிறாள் என்று ஏஜென்ட்டுக்குப் பரம திருப்தி.

மாசி மாதம் ஜெயபாண்டி மறுபடி எங்கள் ஊருக்கு வந்தார். ஒத்தப்பனைக்குளத்தைப் பள்ளி செல்லாக் குழந்தையே இல்லாத ஊராக அறிவிக்கப் போகிறார்களாம். அதற்கு ஒவ்வொரு வீட்டிலும் அவரவர் கைப்பட எழுதி வாங்க வேண்டுமாம். வீட்டு வாசலில் நின்று அய்யம்மாளிடம் தாளை நீட்டினார். விழாவில் அவளைப் பார்த்த ஞாபகம் அவருக்கு இல்லை. அவர் எத்தனை ஊரைப் பார்க்கிறவர்.

"எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும் சார்" என்றாள் அய்யம்மாள்.

"வேற யாராவது எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?"

இசைவாணி கையிலிருந்த பசையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். தாளை வாங்கினாள்.

"என்ன சார் எழுதணும்?"

"எங்கள் வீட்டில் பள்ளி செல்லாக் குழந்தை எவரும் இல்லை. அவ்வளவுதான்."

அவள் பேனாவைப் பிடித்தபடி நின்றாள். "நான் இதை எழுதலாமா சார்?"

"உனக்கு என்ன வயசு?"

"பதினாலு முடிஞ்சிருச்சு."

"அப்ப நீ குழந்தை இல்லையேம்மா. தாராளமா எழுது."

அவள் ஜன்னல் திண்டில் தாளை வைத்து எழுதினாள். ஒற்றெழுத்து விடாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல். அய்யம்மாள் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தாளை வாங்கிக் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள்.

ஜெயபாண்டி தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "முத்து முத்தா இருக்கே எழுத்து! எந்த ஸ்கூல்ல படிச்ச?"

இசைவாணி பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னாள்.

"அதானே! அந்த ஸ்கூல் பிள்ளைன்னு உன்னைப் பார்த்தாலே தெரியுது" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.